ஹெட்லைற் குழப்படி செய்தால்: மலிவு விலைக் காது மூக்கு தொண்டை விளக்குகளில் பிழை பிடித்தல்

யாழ்ப்பாணத்துக் கிளினிக்குகளில் காது மூக்கு தொண்டை பார்க்கிறவர்களின் நெற்றியில் இப்போது மூன்று வகை விளக்குகள் உண்டு. முதலாவது வெளிநாட்டுக் கொம்பனிகளின் அசல் சாமான். விலை இலட்சங்களில். அது பழுதானால் முகவரிடம் போகவேண்டியதுதான். அதை இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டாவது இடுப்பில் பற்றரிப் பெட்டி தொங்கும் சீனத்து 'சத்திரசிகிச்சை ஹெட்லைற்'. மூன்றாவது ஹார்ட்வெயார் கடை நெற்றி ரோச்சை யாராவது மாற்றிக் கட்டியது. இந்த இரண்டுக்கும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே உடம்புதான்: 18650 என்ற அளவில் ஒரு உருளை லித்தியம் பற்றரி, சார்ஜ் போர்ட் (சின்ன மின்சுற்றுத் தகடு), சுவிச், வயர், எல்.இ.டி., அதற்கு முன்னால் ஒரு வில்லை.

திருத்தக் கொண்டுவருகிறவர்களில் அனேகம் பேர் "எல்.இ.டி. போட்டுது தம்பி, வாட்ஸ் கூடின ஒன்று போட்டுத் தாரும்" என்றுதான் தொடங்குவார்கள். எல்.இ.டி. சாவது அரிது. பற்றரி, தொடுமுனை, வயர் மடிகிற இடம், இவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் வெளிச்சம் காணாவிட்டால் விளக்கு நெற்றியில் நிற்கிற இடம் பிழை. வாட்ஸைக் கூட்டுவது கடைசி வேலை.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஒரு மல்ரிமீற்றர், நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த இன்னொரு பற்றரி, வெள்ளைத்தாள், கைபேசி, பென்சில் அழிறப்பர், சோடா குடிக்கிற ஸ்ரோ ஒன்று. ஸ்ரோ எதற்கு என்பது கீழே வரும்.

"வெளிச்சம் காணாது"

வாங்கின நாளில் இருந்தே காணாதா, இடையில் குறைந்ததா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

வாங்கின நாளில் இருந்தே என்றால், வெள்ளைத்தாளைச் சுவரில் ஒட்டி, நோயாளியைப் பார்க்கிற தூரத்தில், அதாவது ஏறக்குறைய 30 செ.மீ. தள்ளி இருந்து விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஒளி வட்டம் 20 செ.மீ. அகலத்துக்குப் பரந்து கிடந்தால் வில்லையை இழுத்துச் சுருக்குங்கள். அதே வெளிச்சத்தை 5 செ.மீ. வட்டத்துக்குள் கொண்டுவந்தால் அந்த இடம் கணக்குக்குப் பதினாறு மடங்கு பிரகாசமாகும். வில்லை இடையில் ஒரு பங்கை விழுங்கினாலும் பல மடங்கு மிஞ்சும். தொண்டைக்கு 5, 6 செ.மீ. வட்டம் தாராளம். காதுக்கு அதிலும் சின்னது போதும். பெட்டியில் எழுதியிருக்கும் லூமன் கணக்கு முழு வெளிச்சத்தையும் சேர்த்துச் சொல்வது. நோயாளியின் சட்டைக் கொலரில் விழுகிற லூமனால் உங்களுக்கு என்ன பிரயோசனம்?

வட்டம் வடிவாகச் சுருங்கியும் காதுக்குள் இருட்டு என்றால் கோணம்தான் பிழை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஹார்ட்வெயார் கடை விளக்கு நெற்றி நடுவில் நிற்கும்; கண்ணுக்கு 6 செ.மீ. மேலே என்று வையுங்கள். 30 செ.மீ. தூரத்தில் அது ஐந்துக்கு ஒன்று சரிவு. வளர்ந்தவரின் காதுக் குழாய் ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளம். அந்த நீளத்துக்குள் ஒளிக்கதிர் உங்கள் பார்வைக் கோட்டை விட்டு 5 மி.மீ. விலகிவிடும். நீங்கள் காதுக்குள் வைத்திருக்கும் சின்னப் புனலின், அதாவது ஸ்பெக்குலத்தின், வாயே 5 மி.மீ. அளவுதான். ஆகவே வெளிச்சம் முழுக்கக் குழாயின் கீழ்ச் சுவரில் முட்டி நிற்கும், செவிப்பறையில் ஒன்றும் விழாது. கிணற்றுக்குள் உச்சி வெயில் மட்டும்தான் அடித்தண்ணீர் வரைக்கும் இறங்கும். சாய்ந்த வெயில் எவ்வளவு எரித்தாலும் கட்டோடு நின்றுவிடும். இதுவும் அந்தக் கதைதான். இரட்டிப்பு வாட்ஸ் போட்டால் சுவர் இரட்டிப்பாக வெளுக்கும், அவ்வளவுதான்.

இதைச் சோதிக்கத்தான் ஸ்ரோ. 5, 6 மி.மீ. அகலமான ஸ்ரோவில் 2.5 செ.மீ. துண்டு வெட்டி, வெளியே கறுப்பு ரேப் சுற்றுங்கள். பேப்பரில் ஒரு சின்ன எழுத்தின் மேல் அதை நிமிர்த்திப் பிடித்து, ஹெட்லைற்றைப் போட்டு, வழக்கமான தூரத்தில் இருந்து உள்ளே பாருங்கள். எழுத்து வாசிக்க முடிந்தால் விளக்கு நிற்கிற இடம் சரி. ஸ்ரோவின் உள்பக்கம் மட்டும் பளபளத்து அடி கறுத்துக் கிடந்தால் இடம் பிழை. கடையில் வாங்க முன்னும் இதைச் செய்து பார்க்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

இன்னொன்றும் ஸ்ரோ காட்டித் தரும். இவ்வளவு ஒடுங்கிய துளையால் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் அடியைப் பார்க்கும். உங்களை அறியாமல் எந்தக் கண்ணைக் கொண்டுபோனீர்கள் என்று கவனியுங்கள். விளக்கு அந்தக் கண்ணை ஒட்டி நிற்க வேண்டும். பழைய தலைக் கண்ணாடியின் கெட்டித்தனம் அதுதான்: குழிவாடியின் நடுவில் துளை, துளைக்குப் பின்னால் கண், ஆகவே ஒளியும் பார்வையும் ஒரே கோடு. 1841இல் ஹொஃப்மான் என்ற ஜேர்மன் வைத்தியர் துளையிட்ட கண்ணாடியைக் கொண்டு காதைப் பார்த்தார். 1850களில் துரோல்ட்ச் அதைப் பரவலாக்கினார். அந்தக் கோட்டை இந்த மலிவு எல்.இ.டி. விளக்குகளால் முழுதாகப் பிடிக்க ஏலாது, கிட்டப் போகலாம்.

கிட்டப் போவதற்கு வழி விளக்கைக் கீழே இறக்குவது. விளக்கைச் சாய்த்தால் வட்டம் நகருமே தவிர, கோணம் அப்படியே இருக்கும். அலுமினியம் பிற்றிங் கடையில் 2 செ.மீ. அகலத் தகட்டுத் துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். அதை வளைத்து, பட்டியில் இருந்து விளக்குத் தலை மட்டும் இரண்டு புருவத்துக்கும் நடுவில், மூக்குத் தண்டுக்கு மேலே தொங்குகிற மாதிரிப் பூட்டுங்கள். 6 செ.மீ. உயரம் 3 ஆனால் அந்த 5 மி.மீ. விலகலும் 2.5 ஆகும், ஸ்ரோவுக்குள் எழுத்து தெரியத் தொடங்கும். தலை சின்னதாக, பாரம் குறைவாக இருக்க வேண்டும். பற்றரி பின் தலைக்கோ இடுப்புக்கோ போகட்டும்.

இறக்க வழியே இல்லாத விளக்கு என்றால் கொஞ்சம் பின்னுக்கு இருந்து பாருங்கள். 30 செ.மீ.ஐ 40 ஆக்கினால் கோணம் குறையும். ஆனால் வெளிச்சமும் பாதியளவுக்கு விழுந்துவிடும். வாட்ஸ் கூட்டுவது உண்மையில் உதவுகிற இடம் இது ஒன்றுதான்.

சரி, இடையில் குறைந்தது என்றால்? முதலில் வில்லையைப் பாருங்கள். மலிவு விளக்குகளில் வில்லை அனேகமாக அக்ரிலிக். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் நாளாந்தம் துடைத்தால் அக்ரிலிக்கில் மயிர்போல வெடிப்புகள் விழுந்து பனி மூடின மாதிரி ஆகிவிடும். அதைத் திரும்ப மினுக்க முடியாது, வில்லையைத்தான் மாற்ற வேண்டும். புது வில்லைக்குச் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஸ்பிரிட்டைப் பட்டியோடும் உறையோடும் நிறுத்துங்கள்.

வில்லை துப்புரவு என்றால் மீற்றரை எடுங்கள். முழுக்கச் சார்ஜ் ஏறின பற்றரி 4.2 வோல்ற் காட்டும். விளக்கைப் போட்டபடி அளந்தால் கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. சட்டென்று 3.5க்குக் கீழே விழுந்தால் பற்றரி சோர்ந்துவிட்டது. பற்றரி சரியாக இருந்து வெளிச்சம் மட்டும் குறைவென்றால், விளக்கு எரியும்போதே மீற்றரின் இரண்டு முனைகளையும் சுவிச்சின் இரண்டு பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். பிறகு ஸ்பிரிங்குக்கும் அதே மாதிரி. ஏறக்குறைய பூச்சியம் காட்ட வேண்டும். 0.2, 0.3 வோல்ற் காட்டினால் வெளிச்சத்தைக் குடிக்கிற ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

"கொஞ்ச நேரம் எரிந்து மங்குது"

இதில் இரண்டு வேறு வியாதிகள் கலந்து கிடக்கின்றன. மங்கினவுடன் பற்றரியை அளந்தால் பிரிந்துவிடும்.

வோல்ற் விழுந்திருந்தால் பற்றரியில் பிழை. உறையில் 9900 மில்லியம்பியர் மணி என்று எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம், அது பொய். 18650 அளவில் உள்ள நல்ல பற்றரிகளிலேயே அனேகம் 3500 அளவோடு நின்றுவிடுகின்றன. அசல் ஒன்று 45 கிராம் சுற்றி நிறுக்கும். போலி அனேகமாகக் கையில் எடுத்தாலே லேசாகத் தெரியும். சமையல் தராசில் பிடிபடாவிட்டால் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைக்காரர் யாரையும் பழக்கம் என்றால் கேளுங்கள், சிரித்துக்கொண்டே நிறுத்துத் தருவார்கள். மூன்று வாட் எல்.இ.டி. ஏறக்குறைய 700 முதல் 1000 மில்லியம்பியர் இழுக்கும். நல்ல 2500 பற்றரி அதை ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலமாவது கொண்டுபோக வேண்டும். அரை மணித்தியாலத்தில் விழுந்தால் பற்றரி போலி, இல்லாவிட்டால் கிழடு.

வோல்ற் நன்றாக இருந்தும் வெளிச்சம் மங்கினால் சூட்டுப் பிரச்சினை. விளக்குத் தலையைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதே என்று பயப்படுகிறவர்கள் பலர். உண்மையில் சுடாமல் குளிர்ந்து கிடப்பதுதான் கூடாத குணம். எல்.இ.டி.யின் சூடு வெளி உலோகத்துக்கு வரவில்லை, உள்ளேயே அடைபட்டு அதை வேகவைக்கிறது என்று அர்த்தம். கழற்றினால் எல்.இ.டி. தகட்டுக்குக் கீழே வெள்ளைப் பசை காய்ந்து தூளாகிக் கிடக்கும், சில வேளை போட்டே இருக்கமாட்டார்கள். கணினி திருத்துகிற கடையில் விற்கிற வெப்பப் பசையைத் துளி பூசித் திரும்பவும் இறுக்குங்கள்.

"தலையை ஆட்டினால் மின்னி மின்னி எரியுது"

பட்டியில் இருந்து வயர் இறங்கும் இடத்தில், அல்லது பற்றரிப் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கும். மேல்தோல் முழுசாக இருக்கும், செம்பு துண்டாகி இருக்கும். விளக்கைப் போட்டுவிட்டு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வயரை ஒரு முனையில் இருந்து அங்குலம் அங்குலமாக மடித்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் மின்னுகிறதோ அதற்கு இரண்டு அங்குலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஈயம் பிடியுங்கள். முறுக்கி ரேப் சுற்றுவது வேலை இல்லை, அடுத்த கிளினிக் நாளில் திரும்பி வரும். சிலிக்கன் தோல் வயர் கிடைத்தால் அதைப் போடுங்கள், வளைந்து கொடுக்கும். நுழைகிற இடத்தில் ஒரு சின்ன வளையம் தளர்வாக விட்டுக் கட்டினால் இழுவை ஈயத்துக்குப் போகாது.

"தன்பாட்டில் வெட்டி வெட்டி அடிக்குது"

மாற்றிக் கட்டின நெற்றி ரோச்சுகளில் மட்டும் வரும் நோய் இது. மேலே சொன்னதோடு குழப்பாதீர்கள். அந்த ரோச்சுகளின் உள்ளே இருக்கும் சின்னப் போர்ட், மின்சாரம் ஒரு கணம் நின்று வந்தால் அடுத்த நிலைக்குத் தாவும்: கூட, குறைய, பிறகு ஸ்ட்ரோப், அதாவது வெட்டி வெட்டி மின்னுவது. சுவிச்சை நீங்கள் தொட வேண்டியதே இல்லை. தொடுமுனை ஒரு கணம் விட்டுப் பிடித்தாலே போதும், விளக்கு நீங்கள் அமத்தினதாக எண்ணிவிடும்.

தீவுப்பகுதி வைத்தியர் ஒருவர் கொண்டுவந்த விளக்கு இப்படித்தான் இருந்தது. பிள்ளையின் மூக்குக்குள் இருக்கிற புளியங்கொட்டையை எடுக்கக் கருவியை உள்ளே விட்டநேரம் ஸ்ட்ரோப் அடிக்கத் தொடங்கிவிட்டதாம். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு விளக்கை வேடிக்கை பார்த்தது, அந்த இடைவெளியில் கொட்டை வெளியே வந்தது, அது அவருடைய அதிர்ஷ்டம். பெட்டியைத் திறந்தால் ஸ்பிரிங்கின் அடியில் பச்சை பிடித்திருந்தது. கடற்காற்று உப்பும் நெற்றி வியர்வையும் சேர்ந்தால் நிக்கல் பூச்சு கனகாலம் தாங்காது.

அழிறப்பரால் தொடுமுனைகளைத் தேயுங்கள், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள், காய்ந்த பிறகு வாஸ்லின் மிக மெல்லிசாகப் பூசுங்கள். ஸ்பிரிங்கை ஒரு நூல் அளவு இழுத்து நீட்டிவிட்டால் பிடிப்பு கூடும். இது தற்காலிகம்தான். நிரந்தர வழி அந்தப் போர்ட்டைக் கழற்றிவிட்டு ஒரே நிலை உள்ள போர்ட் போடுவது. நோயாளியின் முகத்துக்கு நேரே பிடிக்கிற விளக்கில் ஸ்ட்ரோப் இருக்கவே கூடாது. வலிப்பு வருகிறவர்களும் அந்தக் கதிரையில் வந்து இருப்பார்கள்.

"தொண்டை எல்லாம் வெளிறித் தெரியுது"

விளக்கு பிரகாசமாக இருக்கும், ஆனால் சிவந்த தொண்டைக்கும் சாதாரணத் தொண்டைக்கும் வித்தியாசம் பிடிபடாது. மலிவு எல்.இ.டி. அனேகமாக 6500 கெல்வின், நீலம் தூக்கலானது. நிறம் காட்டும் திறன், அதாவது சி.ஆர்.ஐ., 70 சுற்றி. அதில் குறைவது முக்கியமாகச் சிவப்பு. காது மூக்கு தொண்டை வேலையில் பார்க்கிறதே சிவப்பின் தரங்களைத்தானே.

முற்றத்தில் ஒரு செவ்வரத்தம்பூ பறித்து, பகல் வெளிச்சத்தில் ஒருக்கா, அறைக்குள் ஹெட்லைற்றில் ஒருக்கா பாருங்கள். விளக்கில் பூ கறுத்து மண்ணிறத்துக்குப் போனால் அந்த எல்.இ.டி.யை நம்பித் தொண்டை பார்க்காதீர்கள். 90க்கு மேல் சி.ஆர்.ஐ. உள்ள, 4000 முதல் 5000 கெல்வின் எல்.இ.டி. தனியாக வாங்கலாம், ஒன்லைனில் எடுப்பிப்பதுதான் சுகம். அதே அளவுத் தகட்டில் வந்தால் இரண்டு ஈயப் புள்ளிகள்தான் வேலை. வெளிச்சம் சற்றுக் குறையும், குறைந்தாலும் மாற்றத்தான் சொல்வேன். மலிவு விளக்கில் காசு செலவழிக்கத் தகுந்த இடம் எது என்று கேட்டால், இறக்கிக் கட்டுவதற்கு அடுத்தபடி இதுதான்.

வட்டத்தின் நடுவில் சதுரமாக மஞ்சள் படம் விழுந்தால் அது பிழை இல்லை. வில்லை எல்.இ.டி.யையே படமாகப் போடுகிறது. வில்லையை ஒரு நூல் பின்னுக்குத் தள்ளினால் கலைந்துவிடும்.

"சார்ஜ் ஏறுதில்லை"

பெரும்பாலான பெட்டிகளுக்குள் இருப்பது ரி.பி. 4056 என்ற சார்ஜ் போர்ட். சிவப்பு எரிந்தால் ஏறுகிறது, நீலமோ பச்சையோ வந்தால் முடிந்தது. இறங்கின பற்றரியோடு செருகினவுடனேயே நீலம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். போர்ட்டுக்குப் பற்றரியே தெரியவில்லை, வயர் விட்டிருக்கும். ஒன்றுமே எரியாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சீ-வகைத் துளை உள்ள மலிவுப் பெட்டிகள் சில, இரண்டு முனையும் சீ-வகையான புதுக் கேபிளில் ஏறவே ஏறா. சார்ஜரோடு கைகுலுக்க வேண்டிய இரண்டு சின்ன மின்தடைகளை (ரெசிஸ்ரர்) செலவு மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். பழைய அகல முனைக் கேபிளும் சார்ஜரும் போட்டால் ஏறும். இது தெரியாமல் நல்ல விளக்குகள் குப்பைக்குப் போகின்றன.

பற்றரி 2 வோல்ற்றுக்குக் கீழே கிடந்தால் அதை எழுப்ப மினைக்கெடாதீர்கள். வீங்கினது, சார்ஜில் கைசுடச் சூடாவது, தோல் கிழிந்தது, எல்லாம் அதே கணக்கு. வளவுக்குள் குப்பை எரிக்கிற கும்பியில் மட்டும் போடவேண்டாம், வெடிக்கும். முனைகளுக்கு ரேப் ஒட்டி, இலத்திரனியல் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

கரண்ட் போகிற நாட்களுக்குப் பவர் பாங்க் ஒன்றை நேரே விளக்கோடு இணைப்பவர்களும் உண்டு. மின் இழுவை குறைவென்றால் சில பவர் பாங்குகள், ஒன்றும் இணைக்கவில்லை என்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். விளக்கைக் குறைத்து வைக்கும்போது இது நடந்தால் விளக்கில் பிழை தேடாதீர்கள். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்திலும் எடுபட்ட வழி எளியது: இரண்டு பற்றரி, ஒன்று தலையில், ஒன்று சார்ஜ் ஏறி மேசை லாச்சிக்குள். தொண்ணூறுகளில் பற்றரியே தடைப்பொருளாக இருந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. இரண்டு பற்றரி வைத்திருக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சின்னச் சின்னக் குறைகள்

ஸ்பெக்குலத்தில் பட்டு வெளிச்சம் கண்ணில் அடித்தால் விளக்கைக் குறையுங்கள், அல்லது மினுக்கம் குறைந்த ஸ்பெக்குலம் எடுங்கள். குறைத்து வைக்கும்போது மட்டும் கண் உளைந்தால், கைபேசிக் கமராவை விளக்கு விழும் தாளுக்கு நேரே பிடியுங்கள். திரையில் கோடுகள் ஓடினால் அந்தப் போர்ட் வெளிச்சத்தை மிக விரைவாக வெட்டி வெட்டித்தான் குறைக்கிறது. முழு வெளிச்சத்தில் பாவிக்கலாம், இல்லாவிட்டால் போர்ட்டை மாற்றலாம். பட்டி வழுக்கினால் பற்றரியைப் பின் தலைக்கு மாற்றுங்கள், சமநிலை வரும்.

திருத்தாமல் விட வேண்டியவை

சார்ஜில் செருகியபடி விளக்கைத் தலையில் போட்டு நோயாளியைத் தொடக்கூடாது, எவ்வளவு அவசரம் என்றாலும். மலிவு கைபேசிச் சார்ஜருக்குள் 230 வோல்ற்றையும் உங்களையும் பிரித்து வைத்திருப்பது என்ன தரம் என்று வெளியே இருந்து தெரியாது. சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள்ளும் மாற்றிக் கட்டின விளக்கு போகவேண்டாம். ரொன்சில் எடுத்த இடத்தில் இரத்தம் கசியும்போது ஸ்பிரிங் விட்டுப் பிடித்தால் மேலே சொன்ன புளியங்கொட்டை அதிர்ஷ்டம் அங்கே கிடைக்காது. அங்கே அதற்கென்று வாங்கின விளக்கு ஒன்றும், பக்கத்தில் எரியத் தயாராக இன்னொன்றும் இருக்க வேண்டும்.

எல்.இ.டி.யின் மஞ்சள் முகத்தில் கரும்புள்ளி விழுந்திருந்தால், அல்லது போர்ட்டில் எரிந்த மணம் வந்தால் அந்தத் தலையை விட்டுவிடுங்கள். பட்டி, தகடு, வயர் மூன்றையும் கழற்றி எடுத்து வைத்தால் அடுத்த விளக்குக்கு ஆகும்.